நாலு பேர் மேசையும் தோற்றுப்போன அமெரிக்கரும்

கிங்ஸ்பரியில் ஒரு தெரு. கவுன்சில் தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை, காலை நேரம். வெயிலா மழையா என்று லண்டனுக்கே தெரியாத ஒரு நாள். இடது பக்க நடைபாதையில் நடேசண்ணை கையில் துண்டுப் பிரசுரக் கட்டோடு வாசல் வாசலாகப் போகிறார். வலது பக்கத்தில் அதே மாதிரிக் கட்டோடு கதிரண்ணை. நடு ரோட்டில் நான். பிரசுரத்தில் இருக்கிற முகமும் என்னுடையதுதான்.

இரண்டு பேரும் எனக்காகத்தான் வாக்குக் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் கதிரண்ணை அந்தப் பக்கம் நின்று, "தங்கச்சி, கட்டு முடியப் போகுது, மிச்சம் காருக்குள்ள இருக்கெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" என்பார். அவர் சொல்வது இந்தப் பக்கம் நிற்கிற நடேசண்ணைக்கு நன்றாகவே கேட்கும். கேட்டாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை அசைய மாட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடியை வருடக்கணக்கில் வாங்கியவள் நான்.

போன வாரம் நான் முதன்முதலாக வழக்குப் பேசிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சட்டன் நகரிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் வந்தார். "கோட்டிலை கதைச்சுக்கொண்டிருந்த நீங்கள் கவுன்சிலுக்குள்ள எப்பிடிப் போனீங்கள்? ஆரும் பிடிச்சுத் தள்ளினவையோ?" என்று கேட்டார். ஓம், பிடித்துத்தான் தள்ளினார்கள். தள்ளிய இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. எழுத உட்கார்ந்ததும் அந்தத் தெருதான் முதலில் கண்ணுக்குள் வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு எழுதத் தொடங்கினேன்.

சாப்பிட்டுப் படித்த படிப்பு

இந்த நாட்டில் பாரிஸ்டர் ஆவதற்குப் படித்தால் மட்டும் போதாது, சாப்பிடவும் வேண்டும். நான் சொல்வது பகிடி இல்லை. சட்டத்தரணிகளின் பழைய மண்டபம் ஒன்றில், ஒவ்வொரு தவணையும் குறிப்பிட்ட தடவை கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு இராச்சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும். பரீட்சையில் முதலாவதாக வந்தாலும், சாப்பாட்டுக் கணக்குக் குறைந்தால் பட்டம் கிடையாது. ஊரில் அம்மாவுக்கு இதை எழுதியபோது, "சாப்பிடுறதுக்கும் ஒரு சோதினையோ, எங்கட சின்னவன் எண்டால் முதலாம் பிரிவிலை பாஸ் பண்ணுவான்" என்று பதில் வந்தது.

நீண்ட மேசைகள். நாலு பேர் ஒரு கூட்டு. அதற்கு மெஸ் என்று பெயர். யாரோடு உட்காருவது என்பதை வாசலில் நிற்கிற வரிசைதான் தீர்மானிக்கும். உட்கார்ந்த பிறகு இடம் மாற ஏலாது. பெரியவர்களின் மேசை எழும்பும்வரை யாரும் எழும்ப ஏலாது. எழும்பினால் அன்றைய சாப்பாடு கணக்கில் சேராது.

என் முதல் நாளில் எனக்கு முன்னால் நின்றவர் நடேசண்ணை. யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர், தேர்தலில் நிற்கப் போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் காசாளர். எனக்குப் பின்னால் நின்றவர் கதிரண்ணை. அவரும் அதே நீதிமன்றத்தில் எதிர்ப்பக்கம் வாதாடியவர், இங்கே தபால் கந்தோரில் பார்சல் பிரிக்கிறவர். இரண்டு பேருக்கும் நாற்பது கடந்திருந்தது. என் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பவும் ஆனா ஆவன்னாவிலிருந்து சட்டம் படிக்க வந்திருந்தார்கள்.

நடுவில் நின்ற எனக்கு அவர்களுடைய பகை தெரியாது. நல்ல பிள்ளையாக, "நீங்கள் ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் தானே, தெரியுமோ?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

பகையின் கதை

ஊரில் ஒரு காணி வழக்கு. சாட்சிக் கூண்டில் ஏறியவர் கதிரண்ணையின் தகப்பனார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குறுக்கு விசாரணை செய்தவர் நடேசண்ணை. கிழவருக்கு ஞாபக மறதி தொடங்கியிருந்தது. நடேசண்ணை அந்த மறதியைப் பிடித்து, சந்திக்குச் சந்தி மறித்து, கடைசியில் அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயரையே அவரைக் கொண்டு மாற்றிச் சொல்ல வைத்தார். நீதிமன்றமே சிரித்தது. ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு எழுத்துப் படிப்பித்த மனிதர் அதற்குப் பிறகு கோயில் திருவிழாவுக்குக்கூட வெளியே வரவில்லை. அப்படியே ஒருநாள் கண்ணை மூடிவிட்டார்.

நடேசண்ணையைக் கேட்டால், அது தொழில் என்பார். கதிரண்ணை எதுவும் சொல்ல மாட்டார். நடேசண்ணையோடு பேச்சை நிறுத்தியதுதான் அவர் சொன்ன பதில்.

எங்கள் ஊர்ச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். பகையான ஆளோடு ஒரு பந்தியில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் பகை முடிந்தது என்று அர்த்தம். மண்டபத்துச் சட்டமோ எழும்பாதே என்கிறது. கதிரண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் பக்கம் சரிந்து, "கரண்டியும் முள்ளும் பிடிச்சுச் சாப்பிட்டால் கை நனையாது தானே தங்கச்சி" என்றார். அப்புக்காத்து மூளை, வழக்கறிஞர் மூளை, எப்படி வேலை செய்கிறது, பாருங்கள்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகவே வரிசையில் நின்றோம். ஏன் என்று கேட்டால் எனக்கு இன்னமும் விளங்கவில்லை. வேறு வரிசையில் போய் நின்றிருக்கலாம், இரண்டு பேரும் நிற்கவில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில் தமிழ் காதில் விழுகிற இடம் வேறு இல்லை என்பதுதான் காரணமாயிருக்க வேண்டும். மழையில் நனைந்த கம்பளி அங்கிகளின் மணம், மெழுகுதிரி மணம், உப்பில்லாமல் அவித்த முட்டைக்கோஸ், எங்கள் ஊர்க் கோவா. நடேசண்ணை புகைப்படச் சுருள் வருகிற சின்ன டப்பாவில் மிளகாய்த்தூள் கொண்டுவருவார். அவர் கோவாவில் தூவியதும் மணம் எங்கள் மூக்குக்கு வரும். உடனே கதிரண்ணை, "தங்கச்சி, அந்தத் தூளைக் கொஞ்சம் இஞ்சாலை அனுப்பச் சொல்லுங்கோ" என்பார். ரோஷம் பேச்சில்தான், தூளில் இல்லை.

அதைவிடப் பெரிய கூத்து, வைன் கிண்ணம் தூக்குகிற நேரம். மெஸ்ஸில் இருக்கிற நாலு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி நலம் கூற வேண்டும், அது கட்டாயம். கதிரண்ணை சுவரில் தொங்குகிற ஒரு நீதிபதியின் படத்தைப் பார்த்து "திருவாளர் நடேசன்" என்பார். நடேசண்ணை அதே படத்தைப் பார்த்து "திருவாளர் கதிரவேலு" என்பார். அந்த நீதிபதி எத்தனை நலம் பெற்றாரோ.

எங்கட அமெரிக்கன்

ஒருநாள் நாலாவது ஆளாக வந்து உட்கார்ந்தார் ஓர் அமெரிக்கர். தலை முழுக்க நரைத்த சின்ன ஊர் வழக்கறிஞர், விருந்தினராக வந்தவர். தன் ஊரின் முதல் வழக்கறிஞர் இந்த மண்டபத்தில்தான் சாப்பிட்டுப் படித்தாராம், அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்தாராம். அந்த முதல் வழக்கறிஞரின் பெயரும் சொன்னார். இப்போது ஞாபகமில்லை. அந்த நாளிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அவரை "எங்கட அமெரிக்கன்" என்றுதான் சொல்வோம்.

விருந்தாளி சொன்ன கதை இது. அமெரிக்கா என்று ஒரு நாடு உருவாகாத காலம். தெற்கே ஆற்றங்கரையில் புகையிலை விளைவித்த ஒரு குடும்பத்துப் பிள்ளையைச் சட்டம் படிக்கக் கப்பலேற்றினார்கள். வாந்தியும் காய்ச்சலுமாக லண்டன் வந்து சேர்ந்தான். இங்கே அவனோடு ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்தவன் அடுத்த தோட்டத்துக்காரனின் மகன். இரண்டு குடும்பங்களுக்கும் எல்லைத் தகராறு. ஊரில் முகம் பார்க்காதவர்கள் இங்கே ஒரே பாத்திரத்தில் இறைச்சி வெட்டிச் சாப்பிட்டார்கள். இதைக் கேட்டதும் நடேசண்ணையும் கதிரண்ணையும் மும்முரமாகக் கோவாவைக் கிளறினார்கள்.

படித்து முடித்து எங்கட அமெரிக்கன் ஊர் திரும்பினான். குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குப் பேசினான். தோல் பைக்குள் ஒரு பக்கம் சட்டப் புத்தகம், மறுபக்கம் ரொட்டி. நல்ல பேச்சுக்காரன் என்று சட்டசபைக்கு அனுப்பினார்கள். அரசனுக்கு எதிராக நாடு எழும்பியபோது முன்வரிசையில் நின்றான். அடுத்த தோட்டத்துக்காரன் அரசன் பக்கம் நின்று, மனைவி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓடினான். சண்டை முடிந்தது. ஓடியவர்களின் காணியை விசாரணையில்லாமல் பறிக்கிற சட்டமொன்று சபைக்கு வந்தது. எங்கட அமெரிக்கன் எழும்பி, ஒருவனைக் கேட்காமல் அவன் காணியை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டான். அந்தக் காணி பறிபோனால் தன் குடும்பத்துக்குத்தான் லாபம் என்று தெரிந்தே கேட்டான்.

அடுத்த தேர்தலில் தோற்கடித்தார்கள். வீட்டு யன்னலுக்குக் கல் எறிந்தார்கள். அதற்குப் பிறகு அவன் எந்தப் பதவிக்கும் வரவில்லை. கிழவனாகும்வரை குதிரையில் போய்ச் சின்ன வழக்குகள் பேசினான். லண்டனுக்கு ஓடியவன் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஊரில் சிலை கிடையாது, ஒரு குறுக்குத் தெருவுக்கு மட்டும் அவன் பெயர் இருக்கிறதாம்.

கதிரண்ணை விருந்தாளியிடம், அந்தப் புகையிலையை நட்டதும் பிடுங்கியதும் யார் என்று கேட்டார். மனிதர் தலையைக் குனிந்து, அடிமைகள் என்றார். அவர்களைக் கேட்காமல் நடத்தியதைப் பற்றி உங்கள் ஊர் வழக்கறிஞர் ஏதும் பேசினாரா என்றார் கதிரண்ணை. பேசவில்லை என்றார் அவர்.

பிறகு விவாதம் தொடங்கியது, வழமைபோல என் வழியாக. அரசியல் தெரியாத மனுசன் என்றார் நடேசண்ணை. சபைக்குள்ளே இருந்தால்தானே நாலு பேருக்கு உதவலாம், பதவிக் கதிரையைத் தொலைத்துவிட்டு நியாயம் பேசி என்ன பிரயோசனம் என்றார். கதிரண்ணை தட்டைத் தள்ளி வைத்தார். "தங்கச்சி, ஒருத்தனைக் கேக்காமல் தண்டிக்கிறது சட்டமில்லை எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ. மற்றக் குறையள் எல்லாம் இருந்தாலும் அந்த ஒரு விசயத்திலை அமெரிக்கன் சரி." நடேசண்ணை மிளகாய்த்தூள் டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விருந்தாளிக்கோ தூள் ஏறிக் கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

ஊர் இரண்டுபட்டால்

எல்லாரும் பட்டம் வாங்கினோம், தொழில் தொடங்கினோம். அகதி வழக்குகள், வீட்டு வழக்குகள். சில வருடம் கழித்து கிங்ஸ்பரிப் பக்கத்தில் கட்சிக்காரர்கள் ஒரு தமிழரைக் கவுன்சில் வேட்பாளராக நிறுத்தலாம் என்று நினைத்தார்கள். கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். யார் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நடேசண்ணைக்கு அது வெறும் கவுன்சில் இல்லை. ஊரில் கைக்கு எட்டியது நழுவிப்போன மனிதர். பெற்றோல் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வருடங்களில் தன்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று ஒருதரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். திரும்பவும் ஒரு ஆளாக வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. தேர்வுக் கூட்டத்துக்குக் கழுத்தில் புது ரை கட்டி வந்திருந்தார்.

தேவாலயத்து மண்டபம். தலைமை தாங்கியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. நடேசண்ணை பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். ஊரில் இவர் தன்னை நம்பி வழக்குக் கொடுத்த பெடியன் ஒருவனை இராணுவத்திடம் காட்டிக்கொடுத்தவர் என்றார். பெடியன் திரும்பி வரவேயில்லை, நெருப்பில்லாமல் புகையாது என்றார்.

நடேசண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. மறுத்து ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். வாய் திறக்கவில்லை. ஒன்று சொல்கிறேன், எங்கள் ஆட்களிடையே அந்தக் காலத்தில் இதைவிடக் கொடிய பழி இல்லை. அந்தப் பெயர் ஒட்டினால் கவுன்சில் மட்டுமில்லை, கலியாண வீட்டில்கூடப் பக்கத்துக் கதிரையில் ஆள் இருக்காது.

அப்போது கதிரண்ணை எழும்பினார். அவர் வாய் மூடியிருந்தால் போதும், வேட்பாளர் இடம் அவருக்கு. ஆங்கிலத்தில், நீதிமன்றத்தில் பேசுவது போல நிதானமாகப் பேசினார். அந்தப் பெடியனைப் பிடித்த அன்று தானும் நீதிமன்றத்தில் இருந்ததாகச் சொன்னார். துவக்கோடு வந்த இராணுவத்தினருக்கு முன்னால் நடேசன் வாசலை மறித்து நின்றதையும், அடித்து விழுத்திய பிறகும் பெடியனின் சட்டையை விடாமல் பிடித்திருந்ததையும் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். காப்பாற்ற முடியவில்லை என்கிற வெட்கத்தில்தான் இந்த மனிதர் பேசாமல் இருக்கிறார் என்றார். "நான் அவருடைய நண்பன் இல்லை. நான் சாட்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மண்டபம் முழுக்க நடேசண்ணை பக்கம் திரும்பிவிட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், வேறு எந்தச் சனமாக இருந்தாலும் முடிந்திருக்கும். எங்கள் ஆட்களின் வீம்பு இருக்கிறதே. நடேசண்ணை எழும்பி, இப்படி ஒரு சாட்சியத்தால் கிடைக்கிற இடம் தனக்கு வேண்டாம், கதிரவேலு நிற்கட்டும் என்று சொல்லி விலகினார். உடனே கதிரண்ணை எழும்பி, இன்னொருவர் விட்டுத்தந்த இடம் தனக்கும் வேண்டாம் என்று விலகினார். வெள்ளைக்கார அம்மாவுக்குத் தலை சுற்றியது. இப்போது வேட்பாளரே இல்லையா என்று கேட்டார்.

கதிரண்ணை என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் நிண்டால் அவருக்குச் சம்மதமோ எண்டு கேளுங்கோ." நான் நிற்பதற்கு எனக்குச் சம்மதமா என்று ஒரு பாவியும் கேட்கவில்லை. திரும்பி நடேசண்ணையைத் தமிழில் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்று அந்தக் கூத்தாடி நான்தான்.

இடது பக்கமும் வலது பக்கமும்

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தெருவில் பாதி முடிந்திருந்தது. நடேசண்ணை ஒரு வீட்டு மணியை அடித்தார். எங்கள் ஊர் அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். என் படத்தைக் காட்டி இரண்டு சொல் பேசியிருப்பார், அதற்குள் அந்த அம்மா அவருடைய முகத்தை அடையாளம் கண்டுவிட்டார். தேவாலயத்து மண்டபத்தில் கதிரண்ணை சொன்ன சாட்சியம் இந்தத் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பழி மட்டும் முந்திக்கொண்டு வந்திருந்தது.

"எங்கட பிள்ளையளைக் குடுத்துப்போட்டு, இஞ்ச வந்து வோட்டுக் கேக்கிறியோ?"

கதவை அடித்துச் சாத்தினார். அந்தச் சத்தம் தெருவின் அடுத்த பக்கத்துக்கும் கேட்டிருக்கும்.

நடேசண்ணை அந்த வீட்டு முன்மதிலில் மெதுவாக உட்கார்ந்தார். பிரசுரங்களை மடியில் அடுக்கி, மூலைகளைச் சரிபார்த்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். தான் வீட்டுக்குப் போவதாகவும், எனக்கு வருகிற வாக்கும் தன்னால் போகும் என்றும் சொன்னார். நீதிமன்றத்தையே சிரிக்கவைத்த வாய் அது. அழாதேயுங்கோ அண்ணை என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் கதிரண்ணை ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கார் அவருக்காக நின்று ஹோர்ன் அடித்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல என்னைப் பார்த்து, "தங்கச்சி, அவரிட்டை" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு முகத்தை மெல்லத் திருப்பினார்.

"நடேசர், நீர் அங்கால போம். இந்தப் பக்கத்தை நான் பாக்கிறன்."

நடேசண்ணை அவரை அண்ணாந்து பார்த்தார். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு அவரிடமிருந்து நேரே வந்த முதல் வார்த்தை. "உம்மட அப்பாவை நான் அண்டைக்கு..." என்று தொடங்கினார்.

"அதை இப்ப கதைக்க வேண்டாம்" என்றார் கதிரண்ணை. கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. கையை நீட்டி, மடியில் இருந்த பிரசுரக் கட்டை வாங்கித் தன்னுடைய கட்டோடு சேர்த்து என் கையில் தந்தார். நடேசண்ணை எழும்பி, இரண்டு பக்கமும் பார்த்து, வெறுங்கையோடு ரோட்டைக் கடந்தார்.

கதிரண்ணை அதே வீட்டு வாசலுக்குப் போய் மணியை அடித்தார். யாரும் வரவில்லை. திரும்பவும் அடித்தார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான் வோட்டுக் கேக்க வரேல்லை அம்மா. இப்ப வந்திட்டுப் போன மனுசனுக்காக ஒரு சாட்சி சொல்ல வந்தனான்."

அந்த ஒரு வாசலிலேயே அவர் வெகுநேரம் நின்று சொன்னார், அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த வீடுகளுக்கு அன்று ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை, பிரசுரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மதிலடியில் நின்றேன்.